புதுப் போர்டில் பழைய டிரைவர் ஏன் விழுகிறது? எஸ்மேப்பும் அதை அணைக்கும் பூட் ஆப்ஷனும்

மண்டபம், பாம்பன், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரையில் மீன் இறங்கும் இடங்களில், ஐஸ் பிளான்ட்டிலும் மீன் கம்பெனியிலும் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருக்கும். எடை இயந்திரத்திலிருந்து வரும் எண்ணை வாங்கி பில் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. எதையும் கழற்றி மாட்ட அதுதான் தோதான காலம். பத்து வருடம் ஓடிய போர்டு உப்புக் காற்றில் அரித்துப்போனதென்று புதுப் போர்டு வாங்கி, அதே லினக்ஸ், அதே இன்டர்ஃபேஸ் கார்டு, கார்டை இயக்க அதோடு வந்த அதே டிரைவர் மென்பொருள் எல்லாவற்றையும் ஏற்றி, எடை மென்பொருளைத் திறக்கிறார்கள். திறந்த நொடியே மென்பொருள் செத்து விழுகிறது. சில சமயம் கணினியே உறைந்து நிற்கிறது.

பழைய போர்டில் ஒரு நாளும் வராத கோளாறு என்பதால் பழி புதுப் போர்டின் மேல் விழும். போர்டை மாற்றிப் பார்த்தாலும் அதே கதைதான். கார்டு விற்றவரைக் கேட்டால், பூட் ஆகும்போது "நோஎஸ்மேப்" என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொல்வார். எஸ்மேப் என்ற பிராசசர் பாதுகாப்பை அணைக்கும் ஆப்ஷன் அது. சேர்த்தால் சில கணினிகளில் சரியாகிவிடும், சிலவற்றில் ஒரு மாற்றமும் இருக்காது. இரண்டுக்கும் காரணம் உண்டு. இந்த ஆப்ஷன் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க உதவும் நல்ல கருவி. அதையே வைத்தியமாக நிரந்தரமாக விட்டுவைத்தால், ஒரு டிரைவர் செய்த தப்புக்கு மொத்தக் கணினியும் ஈடு கட்ட வேண்டியிருக்கும்.

பிராசசர் எதைத் தடுக்கிறது

நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவிலுள்ள ஒரு பிட், இந்தப் பக்கம் சாதாரண நிரல்களுக்கு உரியதா, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு மட்டும் உரியதா என்று சொல்லும். 1985-ல் வந்த 386 பிராசசரிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அப்போது தடை ஒரு பக்கமாக மட்டுமே இருந்தது. சாதாரண நிரல் கர்னல் பக்கத்தைத் தொட முடியாது. கர்னலோ சாதாரண நிரலின் பக்கத்தைத் தடையில்லாமல் படிக்கலாம், எழுதலாம், அங்கே இருக்கும் கட்டளைகளை ஓட்டவும் செய்யலாம்.

இந்தச் சலுகையைத்தான் திருடர்கள் பயன்படுத்தினார்கள். 2009-ல் லினக்ஸில் சாக்-சென்ட்பேஜ் என்ற ஓட்டை வெளிப்பட்டது. கர்னலுக்குள் ஒரு வெற்று முகவரிக்குத் தாவும் பிழை அது. தாக்குபவர் தன் நிரலில் சுழியம் முகவரிப் பக்கத்தை முன்கூட்டியே உருவாக்கி, அதில் தன் கட்டளைகளை வைத்துவிட்டால் போதும். கர்னல் தன் முழு அதிகாரத்தோடு அவற்றை ஓட்டும். கர்னல் பயனர் பக்கத்திலுள்ள கட்டளையை ஓட்டவே கூடாது என்ற விதி பிராசசரிலேயே இருந்திருந்தால் அந்த வழி நேரடியாக அடைபட்டிருக்கும்.

அந்த விதி இன்டெலின் ஐவி பிரிட்ஜ் பிராசசர்களோடு 2012-ல் வந்தது. பெயர் எஸ்மெப். பயனர் பக்கத்தைக் கர்னல் படிக்கவோ எழுதவோ கூடாது என்ற அடுத்த விதியான எஸ்மேப், 2014 கடைசியில் பிராட்வெல்லோடு வந்தது. ஏஎம்டியில் 2017-ன் ஸென் வரிசையிலிருந்து எஸ்மேப் இருக்கிறது. லினக்ஸ் இவற்றுக்கு முன்பே தயாராகிவிட்டது: எஸ்மெப் ஆதரவு 2011-ல் 3.0 கர்னலிலும், எஸ்மேப் ஆதரவு 2012 டிசம்பரில் 3.7 கர்னலிலும் சேர்ந்தன.

எடைக் கணினியின் புதிர் இங்கேயே பாதி அவிழ்கிறது. பழைய போர்டில் இருந்தது பிராட்வெல்லுக்கு முந்திய தலைமுறைகளான சாண்டி பிரிட்ஜோ ஹாஸ்வெல்லோ. அவற்றில் எஸ்மேப் கிடையாது. டிரைவரின் தப்பு அன்றைக்கும் இருந்தது. பிடிக்க ஆள் இல்லை.

கர்னல் பயனர் நினைவகத்தைத் தொட்டே ஆகவேண்டிய இடங்கள் ஏராளம். கோப்பில் எழுதும்போது, பிணையத்தில் அனுப்பும்போது, நிரல் கொடுத்த தரவைக் கர்னல் எடுத்தாக வேண்டும். அதற்கு எஸ்டாக், கிளாக் என்று இரண்டு கட்டளைகள் பிராசசரில் உண்டு. முதலாவது தடையைத் தற்காலிகமாக நீக்கும், இரண்டாவது திரும்பப் போடும். கப்பல் கடக்கும் நேரத்துக்கு மட்டும் பாம்பன் ரயில் பாலத்தைத் தூக்கி, கடந்ததும் இறக்கிவிடுவதைப் போன்ற ஏற்பாடு. இவை மாற்றுவது பிராசசரின் நிலையைக் குறித்துவைக்கும் கொடிப் பதிவேட்டின் 18-ஆம் பிட்டை. 486 காலத்தில் முகவரிச் சீரமைப்பைச் சோதிக்க வைத்திருந்த பிட் அது; கர்னல் நிலையில் அதற்கு வேலையில்லாமல் கிடந்ததால் இதற்கு எடுத்துக்கொண்டார்கள். எஸ்மேப் மொத்தமாக இயங்குகிறதா என்பதை சிஆர்4 என்ற கட்டுப்பாட்டுப் பதிவேட்டின் 21-ஆம் பிட் தீர்மானிக்கும். எஸ்மெப்புக்கு 20-ஆம் பிட்.

டிரைவர் தப்புச் செய்யும் இடம்

எடை மென்பொருள் கார்டிடம் "இப்போதைய எடையைக் கொடு" என்று கேட்பது பெரும்பாலும் ஐ-ஆக்டல் என்ற அழைப்பின் வழியாக. அதோடு தன் நினைவகத்திலுள்ள ஒரு பெட்டியின் முகவரியையும் அனுப்பும். டிரைவர் அந்த முகவரிக்குத் தரவை காப்பி-டு-யூசர் என்ற செயல்கூறு மூலமாகத்தான் எழுத வேண்டும், அங்கிருந்து படிக்க காப்பி-ஃப்ரம்-யூசர். முகவரி பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, தடையை நீக்குவது, நகலெடுப்பது, தடையைத் திரும்பப் போடுவது எல்லாம் அவற்றுக்குள்ளேயே நடந்துவிடும். நகலெடுக்க முடியாமல்போன பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும்; சுழியம் வந்தால் வேலை முடிந்தது.

சோம்பேறி டிரைவர் இதைச் செய்யாது. வந்த முகவரியைத் தன் சொந்தச் சுட்டியாக (முகவரியை வைத்திருக்கும் மாறியாக) வார்ப்பு மாற்றி, சமக்குறி போட்டு நேரே எழுதிவிடும். ஒரே வரி மிச்சம். எஸ்மேப் இல்லாத பிராசசரில் அது ஓடும், ஆனால் எப்போதும் ஓடும் என்று சொல்வதற்கில்லை. அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லாத நேரத்தில் நிரலின் இன்னொரு இழை நினைவக வரைபடப் பூட்டைப் பிடித்திருந்தால், கர்னல் தன் விதிவிலக்கு அட்டவணையைப் பார்க்கும். முறையான செயல்கூறுகளுக்குத்தான் அதில் பதிவு இருக்கும். இந்த டிரைவரின் வரிக்கு இருக்காது, அங்கேயே விழும். "எப்போதாவது மாதம் ஒரு தடவை ஹேங் ஆகும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிடும்" என்று பழைய கணினியைப் பற்றிச் சொல்லப்படும் புகார்களில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மோசமானது இன்னொன்று: முகவரியைச் சோதிக்காமல் எழுதும் டிரைவருக்கு எந்த நிரலும் கர்னலின் சொந்த முகவரி ஒன்றைக் கொடுத்துக் கர்னலையே திருத்தச் சொல்லலாம். எஸ்மேப் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது பயனர் பக்கம் அல்ல. ஆக, எஸ்மேப்பில் மாட்டும் டிரைவரில் அதைவிடப் பெரிய ஓட்டையும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊப்ஸ் செய்தியை வாசிப்பது

ஆப்ஷனைத் தொடும் முன், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டி, விழுந்த இடத்தின் செய்தியைப் பார்க்க வேண்டும். கர்னல் பிழையில் விழும்போது எழுதும் இந்தச் செய்திக்குத்தான் ஊப்ஸ் என்று பெயர். பலர் இதைப் படிக்காமலேயே அடுத்த படிக்குத் தாவுகிறார்கள். செய்தி நீளமாக இருந்தாலும் பார்க்க வேண்டியது நாலைந்து இடம்தான்.

முதலில் முகவரி. பக்கப் பிழையைக் கையாள முடியவில்லை என்ற வரியில் 16 இலக்க முகவரி இருக்கும். நான்கு சுழியத்துக்குப் பிறகு 7எஃப் என்றோ 55 என்றோ தொடங்கினால் அது பயனர் நிரலின் நினைவகம். நான்கு எஃப் என்று தொடங்கினால் கர்னலின் சொந்த இடம். முழுக்கச் சுழியம், அல்லது கடைசியில் மட்டும் சின்ன எண் இருந்தால், வெற்றுச் சுட்டி. எஸ்மேப் விவகாரம் என்று சந்தேகிக்க முதல் வகை முகவரி வேண்டும்.

அடுத்து ஊப்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்திலுள்ள நான்கு இலக்கப் பிழை எண். 0001 என்றால் பக்கம் இருக்கிறது, படிக்க அனுமதியில்லை. 0003 என்றால் எழுத அனுமதியில்லை. 0011 என்றால் அங்கிருந்து கட்டளையை ஓட்டப் பார்த்திருக்கிறது. அது எஸ்மெப் வகை, செய்தியிலேயே எஸ்மெப் என்ற பெயர் கேள்விக்குறியோடு அச்சாகியிருக்கும். 0000, 0002 வந்தால் பக்கமே நினைவகத்தில் இல்லை என்று பொருள். அதைப் பார்த்ததும் எஸ்மேப்பை விட்டுவிட வேண்டாம். எஸ்மேப் இயங்கும்போது, தடையை நீக்காமல் கர்னல் பயனர் முகவரியைத் தொட்டால், அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்காமல் கர்னல் அங்கேயே நிறுத்திவிடும். அதனால் முகவரியைத்தான் முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும், பிழை எண் அதற்கு அடுத்தது.

கொடிப் பதிவேட்டைக் காட்டும் இஃப்ளாக்ஸ் என்ற வரியில் எட்டு இலக்கம் இருக்கும், 00010246 என்பதைப் போல. இடமிருந்து நான்காவது இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் விழுந்த நேரத்தில் தடை போட்டபடியே இருந்திருக்கிறது, டிரைவர் முறையான வழியில் போகவில்லை. 5 என்றால் தடை நீக்கப்பட்டிருந்தது. அப்படியானால் கோளாறு வேறு. சிஆர்4 என்ற இடத்தில் வலமிருந்து ஆறாவது இலக்கம் 3 அல்லது 7 என்றால் எஸ்மேப் இயங்குகிறது. 1 என்றால் எஸ்மெப் மட்டும். மிகப் புதிய பிராசசர்களில் கூடுதல் பாதுகாப்பு பிட் ஒன்று சேர்ந்து அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து வரும்.

ஆர்ஐபி வரியில் எந்தச் செயல்கூறில் விழுந்தது என்றும், சதுர அடைப்புக்குள் மாட்யூலின், அதாவது கர்னலில் ஏற்றிய டிரைவர் துண்டின், பெயரும் இருக்கும். அடைப்புக்குள் கார்டின் டிரைவர் பெயர் இருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று.

இந்தக் கரையில் ஒரு சோதனையைக் கூடுதலாகச் செய்தே ஆக வேண்டும். கடல் காற்று ராம் குச்சியின் தொடுமுனைகளில் உப்புப் படியவைக்கும். கெட்டுப்போன ராமும் பக்கப் பிழைகளைத்தான் கொண்டுவரும். வித்தியாசம் இதுதான்: எஸ்மேப் பிழை ஒவ்வொரு தடவையும் அதே மாட்யூலில், அதே செயல்கூறில், அதே வகை முகவரியில் வரும். ராம் பிழை ஒரு நாள் கோப்பு முறைமையில் வரும், மறுநாள் பிரவுசரில் வரும், முகவரிக்கும் ஒழுங்கு இருக்காது. சந்தேகம் இருந்தால் ராமைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முனைகளைத் துடைத்து, காயவைத்து மாட்டி, மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் முதலில் ராமைச் சரிசெய்ய வேண்டும். பூட் ஆப்ஷன் பேச்சு அப்புறம்.

ஆப்ஷனைச் சேர்க்கும் முறை, அது வேலை செய்யாமல் போகும் இடங்கள்

கீழே கட்டளைகள் உச்சரிப்பில் இருக்கின்றன. அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்.

முதலில் பிராசசரில் எஸ்மேப் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் ஃபிளாக்ஸ் வரியில் எஸ்மேப் என்ற சொல்லைத் தேடினால் போதும். இல்லையென்றால் அணைக்க ஒன்றுமில்லை, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளின் ஆரம்பத் தொகுதிகள் பிராட்வெல்லுக்கு முந்தியவை. இன்னும் உயிரோடு இருக்கும் அவற்றில் இந்த ஆப்ஷனைப் போடச் சொல்வது வீண் வேலை.

அடுத்து யூநேம் கட்டளைக்குச் சிறிய ஆர் சேர்த்து ஓட்டி, கர்னல் எண்ணைப் பாருங்கள். 5.18 வரையிலான கர்னல்களில் எக்ஸ்86 கணினிக்கு நோஎஸ்மேப், நோஎஸ்மெப் இரண்டும் உண்டு. 2022-ல் வந்த 5.19-லிருந்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். டெபியன் 11-ன் 5.10 கர்னலில் பழைய ஆப்ஷன் வேலை செய்யும். டெபியன் 12-ன் 6.1-லும் உபுண்டு 24.04-ன் 6.8-லும் செய்யாது. சிலருக்குப் பலித்ததும் சிலருக்குப் பலிக்காததும் இதனால்தான். புதிய கர்னலில் பழைய ஆப்ஷனைப் போட்டால் பூட் நிற்காது, திரையில் எச்சரிக்கையும் வராது. டிமெசெக்கில் மட்டும், தெரியாத ஆப்ஷன், பயனர் வெளிக்கு அனுப்பப்படும் என்று ஒரு வரி ஓரமாகக் கிடக்கும். இன்னொரு பொறியும் இருக்கிறது: புதிய கர்னலின் ஆவணத்தில் தேடினால் நோஎஸ்மேப் இன்னமும் தென்படும். பக்கத்தில் பிபிசி என்று போட்டிருக்கும். அது பவர்பிசி பிராசசருக்கு. நம் கணினிக்குப் பொருந்தாது.

5.19-க்குப் பிறகு வழி, கிளியர்சிபியுஐடி என்று அடித்து, சமக்குறி, அதை ஒட்டி எஸ்மேப். 5.19-க்கு முந்திய கர்னல்களில் இதே கிளியர்சிபியுஐடி இருந்தாலும் பெயரை ஏற்காது, எண் வேண்டும். எஸ்மேப்பின் எண் 308. கணக்கு எளிது: கர்னல் பிராசசர் வசதிகளை 32 பிட் சொற்களாக அடுக்கிவைத்திருக்கிறது, எஸ்மேப் 9-ஆம் சொல்லின் 20-ஆம் பிட், 9 பெருக்கல் 32 கூட்டல் 20. எஸ்மெப்புக்கு 295. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுபவர்கள் 514 என்று போடுவதைப் பார்த்திருக்கலாம். அது யூமிப் என்ற வேறு பாதுகாப்பு. கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் போடாதீர்கள்.

நிரந்தரமாக எழுதாமல் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கணினியை ஆன் செய்து, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்து, புதிய யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டி, லினக்ஸை ஏற்றிவிடும் கிரப்பின் மெனுவைக் கொண்டுவாருங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப்பின் கட்டளை வரிக்குப் போய்விடும். மெனுவில் முதல் வரியில் நின்று ஆங்கில இ எழுத்தைத் தட்டினால் திருத்தும் திரை வரும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போங்கள். திரையில் அது இரண்டு மூன்று வரியாக மடிந்திருக்கும், அதனால் எண்ட் பட்டனைப் பயன்படுத்துவது நல்லது. ஒரு இடைவெளி விட்டு ஆப்ஷனை அடித்து, கன்ட்ரோல் எக்ஸ் அல்லது எஃப்10. இது அந்த ஒரு பூட்டோடு போய்விடும். கரண்ட் போய்த் திரும்பினால் பழைய நிலை.

பூட் ஆனதும் மூன்று இடத்தில் சரிபாருங்கள். ப்ராக் அடைவின் சிஎம்டிலைன் கோப்பில் நீங்கள் அடித்தது எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்; எஸ்மேப்புக்கும் எஸ்மெப்புக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். சிபியுஇன்ஃபோவில் எஸ்மேப் மறைந்திருக்க வேண்டும். ப்ராக், சிஸ், கர்னல் என்று போய், கர்னலில் கறை விழுந்திருக்கிறதா என்று எண்ணாகச் சொல்லும் டெயின்டட் என்ற கோப்பைப் பார்த்தால், புதிய கர்னலில் கிளியர்சிபியுஐடி போட்டதற்கு அடையாளமாக 4 சேர்ந்திருக்கும். வெளியிலிருந்து ஏற்றிய டிரைவருக்கு 4096 சேரும். ஆகவே இந்த எடைக் கணினியில் 4100 வரலாம். கையொப்பமில்லாத மாட்யூல் என்றால் இன்னும் 8192 கூடும். இந்தக் கறை எண் சுழியம் அல்லாத கணினியிலிருந்து வரும் புகாரைக் கர்னல்காரர்கள் அவ்வளவு எளிதில் கையில் எடுக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது எடை மென்பொருள் ஓடினால், தப்பு டிரைவரில் என்பது உறுதி. ஓடாமல் பழையபடியே விழுந்தால் எஸ்மேப் குற்றவாளி அல்ல. ஆப்ஷனை எடுத்துவிட்டு வேறு இடம் பாருங்கள். எஸ்மெப் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம்: மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டைக்காக 2018-ல் வந்த பிடிஐ என்ற பாதுகாப்பு இயங்கும் கணினியில், கர்னலின் பக்க அட்டவணையில் பயனர் பகுதி முழுக்க ஓட்டக்கூடாதது என்று குறிக்கப்பட்டிருக்கும். எஸ்மெப்பை அணைத்தாலும் அதே இடத்தில் விழும்.

வேகத்துக்காக எஸ்மேப்பை அணைக்க வேண்டியதில்லை. எஸ்டாக், கிளாக் கட்டளைகளின் செலவு இந்த வகைக் கணினியில் கண்ணில் படாது. மிட்டிகேஷன்ஸ் ஆஃப் என்று போட்டால் எஸ்மேப்பும் சேர்ந்து போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு, போகாது. அது ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்றவற்றுக்கான மாற்று ஏற்பாடுகளைத்தான் அணைக்கும்.

கர்னலுக்குள் இந்த ஆப்ஷன் எப்படி எழுதப்படுகிறது

இப்படி ஓர் ஆப்ஷனைக் கர்னலில் புதிதாகச் சேர்ப்பது பத்து வரி வேலை போலத் தெரியும். பழைய நோஎஸ்மேப் உண்மையிலேயே அவ்வளவு சின்னதுதான்: பெயரைப் பதிவுசெய்து, அது பூட் வரியில் வந்தால் அந்த வசதியின் பிட்டை அழிக்கும் ஒரு செயல்கூறு. ஆனால் அந்தப் பத்து வரியில் கால் இடறும் இடங்கள் மூன்று.

ஒன்று, எந்த நேரத்தில் அழிப்பது. எஸ்டாக், கிளாக் இருக்கவேண்டிய இடங்களை, பிராசசரில் எஸ்மேப் இருக்கிறதா என்று பார்த்துக் கர்னல் பூட் ஆகும்போதே தன் சொந்தக் கட்டளைகளில் திருத்தி எழுதிக்கொள்கிறது. இல்லாத பிராசசரில் அந்த இடங்களில் ஒன்றும் செய்யாத நாப் கட்டளை நிற்கும். இந்தத் திருத்தம் முடிந்த பிறகு பிட்டை அழித்தால் கர்னலின் ஒரு பாதி எஸ்மேப் உண்டு என்றும் மறுபாதி இல்லை என்றும் நினைத்துக்கொண்டிருக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அணைக்க ஒரு சுவிட்ச் இல்லாததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம், 2019-ல் 5.3 கர்னலிலிருந்து சிஆர்4-ன் எஸ்மெப், எஸ்மேப், யூமிப் பிட்டுகளை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கர்னலின் எழுதும் செயல்கூறு வழியாக அழிக்கப் பார்த்தால், கர்னல் திரும்பவும் ஏற்றிவைத்து எச்சரிக்கையும் எழுதும். பழைய டிரைவர்களில் சில, தாமே சிஆர்4-ஐத் திருத்தி எஸ்மேப்பை ஒதுக்கிவிட்டு வேலை பார்த்தவை. அந்தத் தந்திரம் இப்போது பலிக்காது. பூட் ஆப்ஷனில் அழித்தால் ஆணியடிக்கும் முன்பே பிட் இல்லை என்பதால் சிக்கல் வராது.

இரண்டு, எந்தப் பிராசசரில் அழிப்பது. இன்றைக்கு நான்கு கோர் என்பது சாதாரணம். பூட் ஆகும் முதல் கோரின் பட்டியலில் மட்டும் பிட்டை அழித்தால், அடுத்தடுத்து விழிக்கும் கோர்கள் தங்கள் பட்டியலைப் பிராசசரிடமிருந்து நேரே படித்து எஸ்மேப்பை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் டிரைவர் எந்தக் கோரில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து ஒரு சமயம் விழும், ஒரு சமயம் ஓடும். கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு அது. அதனால் எல்லாக் கோருக்கும் பொதுவான, இது அழிக்கப்பட்டது என்று நினைவில் வைக்கும் பட்டியலிலும் எழுதும் செட்டப்-கிளியர்-சிபியு-கேப் என்ற செயல்கூறைத்தான் அழைக்க வேண்டும். ஒவ்வொரு கோரும் விழிக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத் தன் பிட்டையும் அழித்துக்கொள்ளும்.

மூன்று, என்ன மதிப்பைத் திருப்பித் தருவது. பூட் ஆப்ஷனைப் பதிவுசெய்ய இரண்டு மேக்ரோ உண்டு. செட்டப் என்பதில் பதிவான செயல்கூறு, ஆப்ஷனை நான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல 1 தர வேண்டும். எர்லி-பாராம் என்பதில் பதிவானது, சரி என்று சொல்ல 0 தர வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை நகலெடுத்து எழுதுபவர்கள் இதில் தவறாமல் மாட்டிக்கொள்வார்கள். செட்டப்பில் 0 தந்தால் வசதி அணைந்துவிடும், ஆனாலும் யாரும் எடுக்காத ஆப்ஷன் என்று கர்னல் முடிவுசெய்து அதை, தான் முதலில் ஓட்டும் நிரலான இனிட்டுக்கு அனுப்பிவைக்கும்.

ஒவ்வொரு வசதிக்கும் ஒரு நோ-ஆப்ஷன் வைப்பதைக் கர்னல்காரர்கள் ஏன் கைவிட்டார்கள் என்பதும் விளங்கக்கூடியதே. வசதி புதிதாக வரும்போது பிராசசரிலோ கர்னலிலோ பிழை இருக்கலாம். பூட் ஆகாத கணினியைக் காப்பாற்றத் தப்பிக்கும் வழி ஒன்று தேவை. எட்டுப் பத்து வருடம் கழித்து எஸ்மேப் கர்னலின் எலும்போடு சேர்ந்துவிட்டது. அதை அணைப்பதை ஆதரவான வழியாகக் காட்டிக்கொண்டிருந்தால் டிரைவர் எழுதுபவர்கள் திருந்த மாட்டார்கள். சோதனைக்கு வேண்டுமென்றால் கிளியர்சிபியுஐடி இருக்கிறது. போட்டால் கறை விழும். இந்த ஏற்பாடு சரியென்றே படுகிறது. புதிதாக வரும் வசதிகளுக்கு இன்றும் தனி ஆப்ஷன் கிடைக்கிறது: 2023-ன் 6.6 கர்னலில் பயனர் நிழல் அடுக்கு என்ற பாதுகாப்பு வந்தபோது அதை அணைக்கவும் ஓர் ஆப்ஷன் கூடவே வந்தது.

கிளியர்சிபியுஐடியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது கர்னலின் கண்ணிலிருந்துதான் வசதியை மறைக்கிறது. பிராசசரை நேரே கேட்கும் நிரலுக்கு எஸ்மேப் இருப்பதாகவே பதில் கிடைக்கும்.

எந்தக் கணினியில் விட்டுவைக்கலாம்

எடை மட்டும் போடும், பிணையத்தில் இல்லாத, வேறு யாரும் பென் டிரைவ் செருகாத கணினியில், திருத்திய டிரைவர் வரும்வரை ஆப்ஷனை வைத்திருப்பது தாங்கக்கூடிய ஆபத்து. அதே கணினியில் பிரவுசரையும் வாட்ஸாப்பையும் திறப்பதாக இருந்தால் கூடாது. இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, ராமேசுவரம் லாட்ஜ் வரவேற்பறை என்று ஊரார் ஆதாரும் பாஸ்போர்ட்டும் போய்வரும் கணினிகளில் பேச்சுக்கே இடமில்லை. அங்கே டிரைவர் ஓடவில்லை என்றால் கார்டை மாற்றுங்கள்.

நிரந்தரமாக எழுதியே ஆக வேண்டும் என்றால் இடிசி அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பு. அதில் சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட் என்று முடியும் வரியில், இரட்டை மேற்கோளுக்கு உள்ளே, ஏற்கெனவே இருப்பதற்குப் பின் ஒரு இடைவெளி விட்டுச் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும். மேற்கோளை மூட மறந்தால் அப்டேட்-கிரப் பிழை சொல்லி நிற்கும். பழைய மெனு அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம். டிஃபால்ட் என்று முடியும் வரி மீட்பு நிலை பூட்டுக்குப் பொருந்தாது. அது நல்லதுதான், ஒரு வாசல் சுத்தமாக இருக்கும். வட்டு மறைகுறியாக்கத்தின் சாவியை டிபிஎம் சிப்போடு கட்டிவைத்த கணினி என்றால், பூட் வரி மாறியதும் சிப் சாவியைத் தர மறுக்கக்கூடும். கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எடை இயந்திரம் யூஎஸ்பி வழியாக வருமானால், லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம்மில் ஒரு சின்ன மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதன் பிராசசர் அமைப்பில் எஸ்மேப்பை மட்டும் கழித்துவிட்டு, யூஎஸ்பி சாதனத்தை அதற்குள் கொடுத்துவிடலாம். பழைய டிரைவர் அந்தப் பெட்டிக்குள் ஓடும், வெளிக் கணினியின் பாதுகாப்பு குலையாது. போர்டில் செருகும் கார்டு என்றால் பயாஸில் விடி-டி அல்லது ஏஎம்டியின் ஐஓஎம்எம்யூவை இயக்கி, கார்டை முழுதாக உள்ளே ஒப்படைக்க வேண்டும். எல்லாப் போர்டிலும் இது சுளுவாக அமையாது.

டிரைவரின் மூல நிரல் கையில் இருந்தால், திருத்தம் பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. ஊப்ஸ் காட்டிய செயல்கூறில், பயனரிடமிருந்து வந்த முகவரியை நேரே தொடும் வரிகளைத் தேடி, கர்னல் அடுக்கில் ஒரு தற்காலிகப் பெட்டி வைத்து, காப்பி-ஃப்ரம்-யூசரில் உள்ளே எடுத்து, வேலையை முடித்து, காப்பி-டு-யூசரில் வெளியே அனுப்ப வேண்டும். இரண்டில் எது சுழியம் தராவிட்டாலும் இஃபால்ட் பிழையோடு திரும்ப வேண்டும். மற்ற வரிகளைப் பிடிக்க ஸ்பார்ஸ் என்ற சோதிப்பான் இருக்கிறது. சுட்டிகளுக்கு யூசர் என்ற குறி போட்டுவைத்தால், நேரே தொடும் ஒவ்வொரு இடத்தையும் அது சுட்டிக்காட்டும்.

மூல நிரல் இல்லை, கார்டு விற்றவர்தான் கதி என்றால், "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று மட்டும் போனில் சொல்லிப் பயனில்லை. ஊப்ஸ் செய்தியை வெட்டாமல் முழுதாக, கர்னல் எண்ணோடும் சிபியுஇன்ஃபோவின் பிராசசர் பெயரோடும், எஸ்மேப்பை அணைத்த ஒரு பூட்டில் மட்டும் ஓடுகிறது என்ற குறிப்போடும் அனுப்புங்கள். அந்த நாலு விவரத்தைப் பார்த்த பிறகும் ஆப்ஷனை நிரந்தரமாகப் போடச் சொல்பவரிடம் அடுத்த கார்டு வாங்காதீர்கள்.